பழைய பிக்கப்புக்குச் சைலன்சர் மாற்றும் முன்

போன ஆடி மாதம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறவர். 2009 மாடல் டாடா 207 பிக்கப். அப்பா ஓட்டிய வண்டி, இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது.

"அண்ணே, சைலன்சர் ஓட்டையாயிருச்சு. அதைக் கழட்டிட்டு நேர் பைப்பா அடிச்சு விட்ருங்க. சத்தம் கெத்தா இருக்கும், மேட்டுல இழுவையும் கூடும்னு சொன்னாங்க."

மாதத்துக்கு நான்கைந்து பேராவது இதே கோரிக்கையோடு வருகிறார்கள். சைலன்சர், வெல்டிங் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. 2020 ஏப்ரலுக்கு முன் வந்த பழைய டீசல் பிக்கப்புகளைப் பற்றித்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியின் புகைக் குழாயில் ஃபில்டரும் சென்சாரும் இருக்கின்றன. அதை வெளிப் பட்டறையில் வெட்டவே கூடாது.

அந்தத் தம்பியின் வண்டியை முதலில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டேன். ஈரச் சாக்கை நாலாக மடித்து டெயில் பைப் வாயில் இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தேன். நல்ல வண்டியாக இருந்தால் புகை சாக்கைத் தள்ளும், வேறெங்கும் சத்தம் வராது. இந்த வண்டியில் முன்பக்கம் பானெட்டுக்குள்ளிருந்து 'டஸ் டஸ்' என்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்) இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் விசிறி விரித்தது போலக் கரி படிந்திருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டான ஸ்டட் ஒன்று முறிந்தே போயிருந்தது. "காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு வந்து, சூடானதும் குறையுதா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியைக் கொஞ்சம் அடைத்துக்கொள்வதால் அப்படிக் குறையும். சைலன்சரிலும் ஓட்டை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காதைக் குடைந்த சத்தத்தில் பெரும்பங்கு முன்னாலிருந்து வந்தது. அதைப் பார்க்காமல் பின்னால் எந்தச் சைலன்சரை மாட்டியிருந்தாலும் காசுதான் வீண்.

இழுவை குறைந்ததற்குக் காரணம் வேறு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன், ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது.

நேர் பைப் போட்டால் இழுவை கூடும் என்ற பேச்சைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சைலன்சரை எடுத்தால் புகைக்கு எதிர் அழுத்தம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் இந்த டீசல் இன்ஜின் நிதானமான ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) பாரம் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒரிஜினல் சைலன்சர் அதன் புகையை விடுவதற்குத் தாராளமாகப் போதும். நேர் பைப்பில் கிடைக்கும் வித்தியாசம், ஒன்றரை டன் ஏற்றி மேட்டில் ஏறும்போது காலுக்குத் தெரியாது. சத்தம் கூடுவதால் வண்டி வேகமாகப் போவது போலத் தோன்றும், அவ்வளவுதான். சைலன்சர் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே தகரம் கழன்று 'கலகல' என்றால் தடுப்புத் தகடு விழுந்திருக்கிறது. அது குழாய் வாயை மூடினால் இன்ஜின் திணறும். அப்போதும் தீர்வு நல்ல சைலன்சர்தான்.

சத்தம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 1800 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 60 முறை டீசல் எரிகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு அடி போலப் புகை குழாய்க்குள் பாய்கிறது. கேபினுக்குள் 'தும்ம்ம்' என்று மண்டைக்குள் உட்கார்ந்துகொள்ளும் சத்தம் இதுதான். இப்படிப்பட்ட தாழ்ந்த சத்தத்தை அடக்கச் சைலன்சருக்கு வயிறு பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே இரண்டு மூன்று அறை, நேருக்கு நேர் வராமல் தள்ளி வைத்த குழாய்கள், துளை போட்ட தகடு. சத்த அலை அறைச் சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு முட்டித் தணியும். பழைய டீசல் பிக்கப்புக்கு நான் சொல்வது இந்த அறை வகையைத்தான். கண்ணாடிப் பஞ்சு அடைத்த வகையும் இருக்கிறது. புதிதில் சத்தம் மென்மையாக இருக்கும், ஆனால் பழைய டீசலின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சில் ஏறி அடைத்துக்கொண்ட பிறகு சத்தம் கூடிக்கொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கும் குட்டிச் சைலன்சர்கள் எதுவும் இந்தத் 'தும்' சத்தத்தைத் தாங்காது. பைப்பின் விட்டம் கம்பெனி கொடுத்தது எதுவோ அதுவே இருக்கட்டும்.

அடுத்தது தகடு. கேஜ் கணக்கில் எண் கூடினால் தகடு மெலிது. 20 கேஜ் சைலன்சர் விலை மலிவாகத்தான் இருக்கும், ஆனால் சீக்கிரம் பொத்துவிடும். 18 கேஜ் என்றால் 1.2 மில்லிமீட்டர், கையில் தூக்கினாலே கனம் தெரியும். துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. வண்டி நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடி நின்றால் சைலன்சர் முழுசாகச் சூடாகாமல் அந்த நீர் உள்ளேயே தங்கும். நெடுந்தூரம் போகிற வண்டியைவிட உள்ளூர் நடை அடிக்கிற வண்டியின் சைலன்சர் சீக்கிரம் போவது இதனால்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும் என்று கேட்பவர்கள் காந்தத்தோடு வருகிறார்கள். காந்தம் ஒட்டினால் போலி என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். வண்டிக் கம்பெனிகளே சைலன்சருக்குப் பரவலாகப் பயன்படுத்தும் 409 கிரேடில் காந்தம் ஒட்டும். அது நல்ல சரக்கு. மலிவான 202 கிரேடில் ஒட்டாது, ஆனால் நம் மழையில் சீக்கிரம் துரு காட்டும். ஆகவே காந்தத்தை நம்பாதீர்கள், கிரேடை பில்லில் எழுதி வாங்குங்கள்.

தண்ணிக் குழாய்க்குப் போடும் ஜிஐ பைப்பை வளைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். வெல்டிங் சூட்டில் அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும். வேலை பழகிய காலத்தில் ஒருநாள் முழுக்க அதைச் சுவாசித்துவிட்டு, இரவு குளிரில் பல் தந்தியடிக்கப் போர்வைக்குள் கிடந்திருக்கிறேன். காலையில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரவை எந்த வெல்டிங் தம்பிக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

இனி காது. சைலன்சரை வெட்டிவிட்டு ஒன்றரை வருடம் சென்னைக்கு நடை அடித்த ஒரு டிரைவர் எனக்குப் பழக்கம். ஒரு நடைக்கு எட்டு ஒன்பது மணி நேரம், பெரும்பாலும் இரவில். பட்டறைத் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மகள் போனில் பேசினாள். ஸ்பீக்கரில் எனக்கே தெளிவாகக் கேட்டது. அவர் "என்னம்மா, என்னம்மா" என்று மூன்று முறை கேட்டார். அதிக சத்தத்தில் காது பழுதாகும்போது முதலில் போவது உச்ச ஒலிகள்தான். குழந்தைகளின் குரல், 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள். பேச்சு கேட்கும், சொல் புரியாது. போனது திரும்பி வராது. அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு அமைப்பான நியோஷ் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 91 என்றால் இரண்டே மணி நேரம். இதோடு ஒன்பது மணி நேர ராத்திரி ஓட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 'கெத்து' சத்தத்தை ரோட்டில் நிற்பவர் பத்து நொடி கேட்கிறார். உள்ளே இருக்கும் நீங்கள் நாள் முழுக்கக் கேட்கிறீர்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) என்பதால், வெட்டிய சைலன்சரை அதற்காக ஒருமுறை மாட்டுவதும் பிறகு கழற்றுவதுமாகச் சிலர் அலைகிறார்கள். அந்தக் கூலியில் நல்ல சைலன்சரே வந்துவிடும்.

மாட்டும் விதத்தில்தான் நிறைய தவறு நடக்கிறது, அருகில் நின்று பாருங்கள். ஆர்க் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு போகலாம். சைலன்சரைச் சேஸிஸோடு சேர்த்து வெல்டிங் வைத்தால் அன்றைக்கு உறுதியாகத் தெரியும். இன்ஜினின் ஆட்டத்துக்கு இடம் இல்லாமல் கொஞ்ச நாளில் மேனிபோல்டு ஸ்டட்டுதான் முறியும். ரப்பர் மவுண்டில்தான் தொங்க வேண்டும். டீசல் லைனுக்கும் புகைக் குழாய்க்கும் குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. நான் அதற்கு மேலும் விட்டுத்தான் அடிப்பேன். வைக்கோல் ஏற்றுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஜாயிண்ட் கசிந்து, சூடான புகை பாடிப் பலகையின் அடியில் பட்டுக்கொண்டே இருப்பது ஆபத்து.

டெயில் பைப் பாடியைத் தாண்டி வெளியே வர வேண்டும். இரும்பு மிச்சம் என்று பாடிக்கு அடியிலேயே முடித்துவிட்டால் புகை பலகை இடுக்கு வழியே மேலே வரும். நம் பக்கம் காய் பறிக்கப் போகும் பெண்கள் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்க்கிறோம். ஆள் ஏற்றக் கூடாது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் நடக்கிறது. டீசல் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. குழாய் வாயை இடப்பக்கம் திருப்பவும் வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்பவர்களின் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அந்தத் தம்பிக்குக் கேஸ்கெட், ஸ்டட், ஏர் ஃபில்டர், 18 கேஜில் மூன்று அறைச் சைலன்சர் மாற்றிக் கொடுத்தேன். பழனி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்து, "அண்ணே, பாட்டு கேக்குதுண்ணே" என்றார். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கும், மேனிபோல்டு நட்டுகளை ஆறிய வண்டியில் ஒருமுறை இறுக்க வேண்டும். அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.