பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோர் கையெழுத்துக்கு மட்டுமா?

ஆசிரியர் பயிற்றுநர் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போய்வருவது என் பணியில் ஒரு பகுதி. போனதும் முதலில் கேட்பது தீர்மானப் பதிவேட்டைத்தான். பல பள்ளிகளில் மாதந்தோறும் ஒரே வாசகம் இருக்கும்: ‘மாணவர் வருகை குறித்து விவாதிக்கப்பட்டது. சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது.’ கீழே வரிசையாகக் கையெழுத்துகள். விசாரித்தால், அவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். மறுநாள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பி வீடு வீடாக வாங்கிய கையெழுத்துகள் அவை.

பெற்றோருக்கு அக்கறையில்லை என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் என்றால், களையெடுக்கப் போன தாய் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அப்படி வந்தவருக்கும் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டி, டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அடுத்த மாதம் அவர் எதற்காக வருவார்?

சட்டம் அவரை வெறும் பார்வையாளராக வைக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் குழுவின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அமைப்பு சரியாகத்தான் இருக்கிறது. அதற்குள் பேச்சுதான் நடப்பதில்லை.

பேச்சு நடந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நடுநிலைப் பள்ளியில் பார்த்தேன். தலைமை ஆசிரியை சுற்றறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, “பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டார். சற்றுத் தயங்கி ஒரு தாய் சொன்னார்: “பையை வீசிவிட்டுக் கழிப்பறைக்குத்தான் ஓடுகிறாள், டீச்சர். காலையில் தண்ணீர் குடி என்றாலும் குடிப்பதில்லை.” உடனே இன்னும் சிலர், “என் பெண்ணும் அப்படித்தான்” என்றார்கள். மாணவியர் கழிப்பறையின் உள்தாழ்ப்பாள் உடைந்து கிடந்திருக்கிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆய்வுப் படிவத்திலோ ‘கழிப்பறை: உண்டு’ என்று மட்டும் இருந்தது. கூட்டத்தில் இருந்த தச்சு வேலை செய்யும் தந்தை ஒருவர் மறுநாளே புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? எந்த அதிகாரியின் ஆய்விலும் வராத இந்தச் செய்தி, ஒரே கேள்வியில் வந்தது.

ஊர் கூடிப் பள்ளியைத் தூக்கி நிறுத்துவது நமக்குப் புதிதும் அல்ல. காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் கட்டடமும் கொடுத்தார்கள். அது கொடுத்த தலைமுறை. இன்றைய சட்டம் கேள்வி கேட்கும் உரிமையையும் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. ஆனால் நன்கொடை தேவைப்படும்போது மட்டும் ஊரைத் தேடும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. முதல் சந்திப்பிலேயே பணம் கேட்டால், ஏழைப் பெற்றோர் பள்ளி வாசலை மிதிக்கவே தயங்குவார்கள்.

“படிக்காத நான் என்ன பேசுவது?” என்று பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: பள்ளிக்குப் போனால் மதிப்பெண் மட்டும் கேட்காதீர்கள். ‘என் பிள்ளை ஒரு பக்கம் வாசிக்கட்டும், கேட்கிறேன்’ என்று சொல்லுங்கள். தட்டுத்தடுமாறி வாசிப்பதற்கும் தங்குதடையின்றி வாசிப்பதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தறியாதவர் காதுக்கும் தெரியும். பொங்கல் முடிந்து செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், போகும் முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளை ஊரில் பாட்டியிடம் தங்கிப் படிக்கலாமா, போகும் இடத்துப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பேச அப்போதுதான் நேரம் இருக்கும்.

தலைமை ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கூட்டத்துக்கு எந்த நேரம் தோதுப்படும் என்பதைப் பெற்றோரிடமே கேளுங்கள். கூடத்தில் ஆசிரியருக்கு நாற்காலி, பெற்றோருக்குத் தரை என்ற ஏற்பாட்டையும் கைவிடுங்கள்.

குடிநீர்க் குழாய், சுற்றுச்சுவர், பள்ளிக்கு வரும் பாதை போன்றவை பள்ளியால் மட்டும் முடியாதவை. இவற்றைக் குழுத் தீர்மானமாக எழுதி, கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். குழுத் தலைவரான தாய் தனியாகப் போனால் பேசவிடாமல் உட்கார வைத்துவிடக்கூடும். உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து போங்கள். தீர்மானம் கிராம சபைப் பதிவேட்டில் எழுதப்பட்டதைப் பார்த்துவிட்டு, அதன் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.