சூட்டைக் குறைத்தால் போர்டு பிழைக்காது

பள்ளி விடுமுறை முடிந்தால், பழுதுபார்க்கும் என் மேசையில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற பழைய கையடக்க வீடியோ கேம் கருவிகள் குவிவது வழக்கம்தான். ஆனால் இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காயம். சர்க்யூட் போர்டில் கடுகளவு இருக்க வேண்டிய பேட், அதாவது வயரை ஒட்டும் செம்புப் புள்ளி, பெயர்ந்து, வயரின் நுனியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சுற்றிலும் பழுப்பேறிய கறை. வயரின் பிளாஸ்டிக் உறை உருகி, செம்பு வெளியே தெரிகிறது. கொண்டுவந்த பாலிடெக்னிக் தம்பியைக் கேட்டால், "அண்ணே, சூட்டைக் கம்மியாத்தான் வெச்சேன்" என்கிறார். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

2001-இல் வந்த இந்தக் கருவியின் திரைக்கு விளக்கே கிடையாது. அதனால் பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் ஒன்றை வாங்கி, உள்ளேயே விளக்குள்ள ஐபிஎஸ் திரை கிட் வரவழைத்து மாற்றுகிறார்கள். நல்ல விஷயம். பெரும்பாலான கிட்களில் திரையை மாட்ட ஈயமே வேண்டாம், ரிப்பனைச் செருகினால் போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக எல், ஆர், செலக்ட் பொத்தான்களோடு சேர்க்கும் மூன்று வயர்களுக்குத்தான் சால்டரிங், அதாவது சூடான அயர்னால் ஈயத்தை உருக்கி ஒட்டும் வேலை. அந்த மூன்று வயரில்தான் இத்தனை அழிவும்.

சரி, சூட்டுக் கதைக்கு வருவோம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். காரீயம் கலக்காத வகைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். "அப்படியானால் 230 போதுமே, போர்டும் பத்திரமாக இருக்குமே" என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பு. அயர்னில் காட்டும் எண் முனையின் சூடு, இணைப்பின் சூடு அல்ல. முனை தொட்ட நொடியே போர்டின் செம்பு அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கிரவுண்டோடு, அதாவது போர்டில் அகலமாகப் பரவிய மைனஸ் பக்கச் செம்போடு, சேர்ந்த பேட் என்றால் கேட்கவே வேண்டாம், உறிஞ்சி எடுத்துவிடும். முனை ஆறிப்போகிறது, ஈயம் கூழாகி நிற்கிறது, ஒட்டவில்லை. உடனே என்ன செய்வீர்கள்? இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பீர்கள். பத்து நொடி, இருபது நொடி. பேட்டைப் போர்டோடு பிடித்துவைத்திருக்கும் பசை அதற்குள் இளகிவிடும். அப்புறம் வயரை லேசாக அசைத்தாலும் பேட் கையோடு வந்துவிடும்.

350 வைத்திருந்தால் இரண்டு நொடியில் வேலை முடிந்து கையை எடுத்திருப்பீர்கள். போர்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தக் கூடுதல் நேரமும் அழுத்தமும்தான். தயவுசெய்து இதை மட்டுமாவது மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை, சின்ன வேலைக்கு ஊசி முனை வேண்டும் என்பது. ஊசி முனை சூட்டைச் சரியாகக் கடத்தாது. சின்ன உளி முனை வாங்குங்கள். ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் போடாமல் தொடாதீர்கள். அதுவும் எலெக்ட்ரானிக்ஸுக்கான ரோசின் வகை, தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் அமில பேஸ்ட் அல்ல. அது வயரையும் போர்டையும் அரித்துத் தின்றுவிடும். சிங்கப்பூரின் சிம் லிம் டவர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் சரியானதை எடுத்துத் தருவார்கள். வயரின் நுனியிலும் பேட்டிலும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசி, அப்புறம் சேர்த்து ஒரு தொடு தொட்டால் போதும். ஆறும்வரை அசைக்கக் கூடாது, ஊதவும் கூடாது. வயரைச் சூடு தாங்கும் காப்டன் (Kapton) டேப் ஒரு துண்டால் போர்டோடு ஒட்டி வைத்தால், கூட்டை மூடும்போது இழுத்துப் பிய்க்காது.

பேட் போய்விட்டதா? தலையில் கைவைக்க வேண்டாம், சூப்பர் குளூவைத் தேடி ஓடவும் வேண்டாம். பசை பரவிய போர்டைச் சுரண்டி எடுப்பதுதான் எனக்குப் பிடிக்காத வேலைகளிலேயே முதலாவது. எல், ஆர் பொத்தான் சுவிட்சுகளின் கால்களிலும் அதே சிக்னல் வருகிறது. எந்தக் கால் கிரவுண்ட் என்று மல்டிமீட்டரில் பார்த்து ஒதுக்கிவிட்டு, மற்றதில் வயரை வைக்கலாம். செலக்ட் வயர் என்றால் டிரேஸை, அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோட்டை, தேடிப் போய், மேல்பூச்சை மெல்லச் சுரண்டி, மெல்லிய எனாமல் வயரால் இணைக்க வேண்டும். முதல்முறை செய்பவர் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, சால்டரிங்மேல் தப்பே இல்லாத கேஸ்கள். திரை ஒரு நொடி மின்னி அணைகிறது, அல்லது பச்சையாக எரிய வேண்டிய விளக்கு புது பேட்டரியிலும் சிவப்பாகிறது. உடனே எல்லா இணைப்பையும் மறுபடி உருக்குகிறார்கள். பாவம், குற்றவாளி பவர் சுவிட்ச். இருபது வருட அழுக்கும் நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்து அதன் உள்ளே படிந்திருக்கும். பழைய திரையைவிட ஐபிஎஸ் அதிக மின்னோட்டம் கேட்பதால், அந்த அழுக்கிலேயே வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, சுவிட்சை முன்னும் பின்னும் பலமுறை தள்ளுங்கள். காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால், எஃப்1 என்று போர்டில் எழுதியிருக்கும் ஃபியூஸில் கன்டினியூட்டி இருக்கிறதா, அதாவது மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரியைக் கழற்றாமல் சால்டர் செய்பவர்களுக்கு அது அடிக்கடி போகும். படத்தில் கோடு விழுந்தால் ரிப்பன் கோணலாக இருக்கும். கூட்டின் உள்ளே வெட்ட வேண்டிய பிளாஸ்டிக்கை வெட்டாமல் திரையை அழுத்தி மூடினாலும் அப்படித்தான்.

கேம் கார்ட்ரிட்ஜுக்குள் ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் சேவ் பேட்டரியை மாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. வட்ட பேட்டரிமேல் நேராக அயர்னை வைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். தகடு பற்றவைத்தே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பழையதைக் குப்பைக் குழாயில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

அப்புறம், வீவக அடுக்குமாடி வீட்டின் பாம் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் மேசை போட்டு உட்கார்ந்து சால்டர் செய்பவர்களே! ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஃபிளக்ஸ் புகை எங்கே போகும்? உங்கள் நெஞ்சுக்குள்தான். ஜன்னலோரம் வாருங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், சாப்பாட்டு மேசையில் இந்த வேலையே வேண்டாம்.

ஒரு முறை தொட்டும் ஒட்டவில்லையா, அயர்னைக் கீழே வையுங்கள். அந்த நிலையில் கொண்டுவந்தால் வேலையும் குறைவு, கொடுக்க வேண்டிய வெள்ளியும் குறைவு. வரும்போது கழற்றிய பழைய திரையையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், தூக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். அதை மாட்டிப் பார்த்தாலே கோளாறு போர்டிலா, புதுக் கிட்டிலா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.