ஸ்லாப் பழகுபவர்களின் மணிக்கட்டு வலி

மாசி-பங்குனித் திருவிழா முடிந்து காரைக்குடி சற்று மூச்சு விடும் நாட்களில் என் பிசியோதெரபி அறைக்கு இசைக்குழுக்காரர்கள் வருவது வழக்கம். டிரம்ஸ் வாசிப்பவர்களுக்குத் தோள்பட்டை, கீபோர்டுக்காரர்களுக்குக் கழுத்து. அண்மைக் காலமாகப் பேஸ் கிட்டார் பழகும் இளைஞர்களும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தந்தியைக் கட்டைவிரலால் தட்டியும் விரலால் சுண்டியும் வாசிக்கும் 'ஸ்லாப்' முறையை யூடியூப் பாடம் பார்த்துத் தாமாகவே கற்றவர்கள். அடிப்படையெல்லாம் கைவந்த பிறகு, 'டபுள் தம்பிங்' என்னும் கட்டைவிரல் உத்தியைத் தொடங்கியதும்தான் வலி வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். அது தற்செயல் அன்று.

ஸ்லாப் முறையைப் பரப்பியவர் அமெரிக்கக் கலைஞர் லாரி கிரகாம். 1960களில் தம் தாயாரோடு வாசித்துக்கொண்டிருந்தபோது குழுவில் டிரம்ஸ் கலைஞர் இல்லாமல் போனார். பேஸ் டிரம்மின் அடியைக் கட்டைவிரலால் தந்தியைத் தட்டியும், ஸ்னேர் டிரம்மின் அடியைச் சுட்டுவிரலால் தந்தியைச் சுண்டியும் கிரகாம் ஈடுகட்டினார். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நம் பிள்ளைகள் கிட்டாரை மொத்து மொத்தென்று மொத்துகிறார்கள். ஸ்லாப்பின் அந்தக் கணீர் ஓசை, தந்தி துள்ளி, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளில் கடைசியானவற்றில் மோதுவதால் பிறப்பது. அதற்கு வேகம் போதும், பலம் வேண்டியதில்லை. சத்தத்தைக் கூட்டத்தான் காசு கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கி வைத்திருக்கிறோமே!

அந்த வேகம் விரலிலிருந்து வரக்கூடாது. பூட்டில் சாவியைத் திருப்புவது போல முன்னங்கை சுழல வேண்டும். கட்டைவிரல் அந்தச் சுழற்சியோடு சும்மா கூடவே போய், மூட்டின் எலும்புப் பக்கத்தால் தந்தியைத் தொட்டுவிட்டு வர வேண்டும்.

சாதாரண ஸ்லாப்பில் இதைத் தவறாகச் செய்தாலும் உடம்பு கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். டபுள் தம்பிங்கில் பொறுக்காது. அமெரிக்கப் பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் வாசிப்பால் பெயர்பெற்ற இந்த முறையில், கட்டைவிரல் தந்தியைத் தட்டி அதைக் கடந்து அடுத்த தந்தியில் போய் நிற்கும். பிறகு மேல்நோக்கி வரும்போது அதே தந்தியை மறுபடி மீட்டும். கீழே போகும் அடிக்குக் கையின் எடை துணை செய்கிறது. மேலே வருவதுதான் வம்பு. முன்னங்கையைச் சுழற்றத் தெரியாதவர் கட்டைவிரலை மட்டும் வெடுக்கென்று தூக்குகிறார். அப்படித் தூக்கும் வேலையில் பெரும்பங்கு, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் நுழைந்து போகும் இரண்டு தசைநாண்களுடையது. ஒரு மணி நேரப் பயிற்சியில் அவை எத்தனை ஆயிரம் முறை உறைக்குள் உரசுகின்றன என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உறை தடித்து, நாண் நகரவே சிரமப்படும். சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவர்வெய்ன் 1895இல் விவரித்ததால் அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கு அடிக்கடி வருவது இதுதான் என்று சொன்னால் தம்பிமார்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டு வலியோடு வருபவர்களிடம் கிட்டாரையும் எடுத்துவரச் சொல்வேன். கையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவர் கிட்டாரைத் தோளில் மாட்டியதுமே விஷயம் புரிந்துவிட்டது. மேடையில் பார்க்க அழகாக இருக்கும் என்று தோளில் மாட்டும் பட்டையை இறக்கி, கிட்டாரைத் தொடை வரை தொங்கவிட்டிருந்தார். அவ்வளவு கீழே தந்தியை எட்ட மணிக்கட்டு முழுதாக மடங்கியாக வேண்டும். மடங்கிய மணிக்கட்டோடு முன்னங்கைச் சுழற்சி சரிவராது, விரல்தான் உழைக்கும். "உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் எங்கே இருக்கிறதோ, நின்றாலும் அங்கேயே இருக்கட்டும் தம்பி" என்றேன். பட்டையை ஒரு சாண் ஏற்றினோம். "பழைய ஆள் மாதிரி இருக்கிறது சார்" என்று குறைப்பட்டார். ஆனால் மணிக்கட்டு நேராகி, கை தானாகச் சுழன்றது அவருக்கே தெரிந்தது.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: வீட்டில் எங்கே பழகுகிறீர்கள்? முகப்பை அடுத்த பட்டாலை என்னும் பெரிய கூடத்தில் என்றார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை. ஒரு தட்டு தட்டினால் ஓசை சுற்றிச் சுற்றி வரும். 'கோஸ்ட் நோட்' என்னும் அடக்கிய தட்டுகள் அந்த எதிரொலியில் கரைந்துவிடும். காதில் விழவில்லையே என்று கை இன்னும் ஓங்கி அடிக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: மெத்தை, துணிமணி நிறைந்த சிறிய அறைக்குள் போய் வாசியுங்கள். பழைய தந்தியும் இதே தொல்லையைத் தரும். நம் ஊர் வெயிலில் வியர்வை பட்டுத் தந்தி சீக்கிரம் மங்கிப்போகும், மங்கிய ஓசையை ஈடுகட்டக் கை பலம் போடும். மெல்லிய தந்திக்கு மாறி, ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைக் கடைக்காரரிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம்.

பயிற்சிக்கு, தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். மேல்நோக்கிய மீட்டலும் கீழ்நோக்கிய தட்டும் ஒரே அளவாகக் கேட்டால்தான் வேகத்தைக் கூட்டலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டாரைக் கீழே வையுங்கள். தட்டுகளை இடது கையோடு பங்கிட்டுக்கொள்வதும் நல்லது. இடது கைத் தட்டு, கட்டைவிரல், சுண்டல் என்று மூன்றாகப் பிரித்து வாசித்தால் ஓட்டமும் கிடைக்கும், கட்டைவிரலுக்கு ஓய்வும் கிடைக்கும். விரல் நுனியில் கொப்புளம் வந்தால் ஆறும் வரை நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

தைலம் தேய்த்து உருவிவிட்டு, மாத்திரை போட்டு வலியை மரக்கச் செய்து, அன்று மாலையே மேடையேறுவதுதான் எனக்குக் கோபம் வரவழைக்கும் பழக்கம். கட்டைவிரலை உள்ளே மடக்கி விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். லேசான இழுப்பு யாருக்கும் இருக்கும். கட்டைவிரல் பக்க எலும்பருகே சுரீரென்று வலித்தால் ஸ்லாப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் வந்தால் கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டையும் ஓய்வுமே பலருக்குப் போதும். இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது என்றால் அது வேறு. மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.