வீட்டிலேயே செய்தது என்பதால் மட்டும் நஞ்சற்றதாகிவிடுமா?

ஒன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இரவில் அவசரப் பிரிவுக்குள் ஓடி வந்த ஒரு தாய், "மருந்து எதுவும் குடிக்கவில்லை டாக்டர், நானே வீட்டில் செய்ததைத்தான் தின்றுவிட்டான்" என்றார். போரிக் பவுடரைச் சர்க்கரையும் மாவும் சேர்த்துப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, கரப்பான்பூச்சிக்காக அடுப்பு மேடைக்கு அடியில் வைத்திருக்கிறார். கரப்பான்பூச்சியை ஈர்க்கும் இனிப்பு, தவழும் குழந்தையையும் ஈர்த்துவிட்டது. சிலமுறை வாந்தியோடு பாதிப்பு நின்றதால் ஒரு நாள் கண்காணித்துவிட்டு அனுப்பிவைத்தோம். ஆனால் கடைச் சரக்கு விஷம், கைச் சரக்கு விஷமில்லை என்ற அவருடைய நம்பிக்கையை என் பணியில் அடிக்கடி காண்கிறேன். அந்தப் பவுடரான போரிக் அமிலத்தையும், வெங்காரம் எனப்படும் போராக்ஸையும் இனப்பெருக்கத் திறனுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பொருள்களாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆயினும், "இயற்கை முறை" என்ற தலைப்பில் பரவும் குறிப்புகளில் இவ்விரண்டும் தவறாமல் இடம்பெறுகின்றன.

மாற்று வழிகள் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டுச் சுத்தத்தின் பெரும்பகுதிக்குச் சோப்பும் வெந்நீரும் துணியும் போதும் என்பதே என் கருத்து. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்வதால், பிசுக்கும் அதில் ஒட்டியிருக்கும் கிருமிகளும் சேர்ந்தே கழுவப்பட்டுப் போகின்றன. கருகிய பாத்திரத்துக்கும் பீங்கான் தொட்டிக்கும், மூன்று பங்கு சமையல் சோடாவில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்த பசை நன்றாக வேலை செய்யும். அது மெல்லிய காரமாகவும் கீறல் விழாத தேய்ப்புத் தூளாகவும் ஒருங்கே பயன்படுகிறது. குழாய் முனையிலும் கெட்டிலின் உட்புறத்திலும் படியும் வெள்ளை உப்புக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம் கொண்ட சமையல் வினிகர் அதைக் கரைத்துவிடும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் அரைமணி நேரம் சுற்றி வைத்துப் பின் கழுவினால் போதும். ஆனால் பளிங்குக் கல்லும் கால்சியம் கார்பனேட்தான். பளிங்குத் தரையில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ பட்டால் மெருகு போய்விடும்.

இங்கே ஒரு பிரபலமான குறிப்பை மறுக்க வேண்டியிருக்கிறது. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் எழும் நுரையைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு வெளியேறிய பின் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர்தான். அதைப் புட்டியில் அடைத்து வைப்பதால் பயனில்லை; நுரை அடங்கும் முன் இறுக மூடினால் புட்டி வெடிக்கவும் கூடும். சோப்புக்கட்டியைக் கரைத்த நீரில் வினிகர் விட்டாலும் இதே கதைதான், பால்போல் திரிந்துவிடும்.

பயனற்ற கலவையை விட, ஆபத்தான கலவையே என்னைக் கவலைப்படுத்துகிறது. கழிப்பறையைப் பிளீச் ஊற்றிக் கழுவிய ஒருவர், மஞ்சள் கறை போகவில்லையே என்று மேலேயே வினிகரையும் ஊற்றியிருக்கிறார். சன்னல் சாத்தியிருந்த அந்தச் சிறிய அறையிலிருந்து இருமியபடியே வெளியே வந்தவரின் மூச்சிரைப்பு, ஆக்ஸிஜன் வைத்தும் மறுநாள் காலையில்தான் தணிந்தது. பிளீச்சுடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். எலுமிச்சைச் சாறும் இதற்கு விலக்கன்று. அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே புட்டியில் அடைத்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் பெரசிட்டிக் அமிலம் உருவாகும்.

பிளீச் வீட்டுக்கே ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொற்றியிருக்கும்போது வினிகரை நம்ப முடியாது. முதலில் சோப்பால் துடைத்துக் கழுவிவிட்டு, 5 சதவீதப் பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்து, காற்றோட்டமான இடத்தில் அன்றன்றைக்குக் கலந்து பயன்படுத்த வேண்டும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, தெளிப்பதைக் காட்டிலும் தடுப்பதே பலன் தருவது. எறும்புகள் தாம் விட்டுச் செல்லும் வாசனைத் தடத்தைப் பின்பற்றித்தான் சாரை சாரையாக வருகின்றன. சோப்புத் தண்ணீரால் அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டு, நுழையும் விரிசலை அடைத்தால் வரிசை குலைந்துவிடும். கரப்பான்பூச்சிக்குத் தண்ணீர்தான் உயிர். இரவில் தொட்டியை ஈரமின்றித் துடைத்து, ஒழுகும் குழாயைச் சரிசெய்து, குப்பையை மூடிவைத்தால் பாதி வேலை முடிந்தது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே வாசல் என்பதால், குழாய் நுழையும் துளைகளைக் கம்பி நார் திணித்துப் பூசிவிடுவது நல்லது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் உயிர் பிழைக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவதோடு நில்லாமல், உட்சுவரைத் தேய்த்தும் கழுவ வேண்டும்.

மணம் வீசும் எண்ணெய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் தைலமே சிறு குழந்தைக்குக் கடும் நச்சுப் பாதிப்பை உண்டாக்கப் போதும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். கைக்குழந்தைகளுக்கு உள்ளே கொடுக்கப்பட்ட வேப்பெண்ணெய் மூளையைப் பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அந்துருண்டை போட்டு வைத்த துணியில் பச்சிளங்குழந்தையைச் சுற்றினால், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றிவிடும். துணியை நன்றாக வெயிலில் உலர்த்தி, இறுக மூடும் பெட்டியில் வைப்பதே அதற்குப் போதுமான மாற்று. பூனை வளர்ப்பவர்கள் தேயிலை மர எண்ணெயையும் தவிர்க்க வேண்டும், பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது.

வீட்டுத் தயாரிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: புட்டியில் சீட்டு இருக்காது. குளிர்பானப் புட்டியில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். கலந்த பொருள், அளவு, தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைக் கழுவி, அந்தப் புட்டியோடு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். கண்ணில் தெறித்திருந்தால், புறப்படும் முன்பே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். அன்றிரவு வந்த தாய், பத்து உருண்டை செய்ததாகவும் எட்டு மிச்சமிருப்பதாகவும் எண்ணிப் பார்த்துச் சொன்னதோடு, பவுடர் பொட்டலத்தையும் கையில் கொண்டு வந்திருந்தார். குழந்தையின் உடலுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று நாங்கள் கணக்கிட்டது அதை வைத்துத்தான்.