அமில மண்ணும் அலுமினியமும்: தாங்கும் ரகம் வாங்கும் முன்

பெங்களூரில் வேலை, சக்லேஷ்பூர், குடகு, கூடலூர் பக்கம் நிலம். இப்படி உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. மண் பரிசோதனைத் தாளில் பி.எச் 4.8 என்று வந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அமிலத்தைத் தாங்கும் ரகம் போட்டால் சுண்ணாம்பு செலவு மிச்சமா? மேல்மண்ணைப் பொறுத்தவரை இல்லை. சுண்ணாம்பு எட்டாத அடிமண்ணில்தான் ரகத்தின் குணம் கைகொடுக்கும்.

பி.எச் 5.5-க்குக் கீழே இறங்கியதும் களிமண்ணில் கட்டுண்டிருந்த அலுமினியம் கரையத் தொடங்கும். 5-க்குக் கீழே வேகமாகக் கூடும். அது முதலில் தாக்குவது வேர் நுனியின் கடைசி சில மில்லிமீட்டரை. சில மணி நேரத்திலேயே நீட்சி குறையும். பிறகு வேர் தடித்து, பழுப்பேறி, சல்லிவேர் இல்லாமல் நிற்கும். மேலே தெரிவதோ மணிச்சத்துப் பற்றாக்குறையும், நாலு நாள் மழை இல்லாவிட்டால் வாட்டமும். அதைப் பார்த்து டி.ஏ.பி.யை அள்ளிப் போடுகிறார்கள். அதிலுள்ள அம்மோனியம் மண்ணை இன்னும் அமிலமாக்குகிறது.

தாங்கும் பயிர்கள் செய்யும் முக்கியமான வேலை, வேர் நுனியிலிருந்து கரிம அமிலத்தைக் கசியவிட்டு அலுமினியத்தை வெளியிலேயே பிடித்துக் கட்டுவது. கோதுமை மாலேட்டைக் கசியவிடும்; அதற்கான ஏ.எல்.எம்.டி.1 மரபணு 2004-இல் பிரித்தெடுக்கப்பட்டது. சோளம் சிட்ரேட்டைக் கசியவிடும். அதற்கான மேட் வகை மரபணு (செல்லிலிருந்து பொருள்களை வெளியேற்றும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது) 2007-இல் வெளிவந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாங்காத ரகத்திலும் பெரும்பாலும் இதே மரபணு இருக்கிறது. அது எவ்வளவு, எந்த இடத்தில் இயங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. பல கோதுமை ரகங்களில் மரபணுவுக்கு முன்னாலுள்ள கட்டுப்பாட்டுப் பகுதியின் துண்டுகள் திரும்பத் திரும்ப அமைந்து அதன் இயக்கத்தைக் கூட்டுகின்றன. பார்லியில் சிட்ரேட் மரபணுவின் பழைய வேலை, முதிர்ந்த வேரிலிருந்து இரும்பை மேலே அனுப்ப உதவுவது. தாங்கும் பார்லியில் சுமார் 1,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு அதன் முன்னால் செருகப்பட்டு, அதை வேர் நுனியிலும் இயங்க வைத்துவிட்டது. நெல்லில் ஆர்ட்1 என்ற ஒரே புரதம் சுமார் 30 மரபணுக்களை இயக்குகிறது: சில செல்சுவரைக் காக்கும், ஒன்று அலுமினியத்தைச் செல்லுக்குள் இழுக்கும், இன்னொன்று அதைச் செல்லின் நுண்குமிழியில் பூட்டும். கோதுமையும் பார்லியும் தாங்காத அளவை நெல் தாங்குவது இப்படிப் பல வழிகள் சேர்ந்து இயங்குவதால்தான்.

ஆகவே “மரபணு உண்டு” என்று மட்டும் சொல்லும் டி.என்.ஏ. அறிக்கை போதாது. மார்க்கர் (சோதனை தேடும் டி.என்.ஏ. அடையாளம்) அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பார்க்கிறதா என்று கேளுங்கள். அதைவிட நேரடியானது வேரையே அளப்பது. பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம்.

விதையை ஈரத்தாளில் முளைக்க விட்டு, வேர் 2–3 செ.மீ. வந்ததும் வலைமீது மிதக்க விடுங்கள். கரைசல்: லிட்டருக்கு 73.5 மி.கி. கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், பி.எச் 4.5. அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 2.41 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார் மூலக்கரைசல். அதில் 3 மி.லி.யை ஒரு லிட்டருக்குச் சேர்த்தால் 30 மைக்ரோமோலார்; நெல்லுக்கு இதிலிருந்து தொடங்கலாம். கோதுமைக்கு 5 முதல் 20 போதும். 24 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, அலுமினியம் உள்ள கரைசலில் வந்த வேர் நீட்சியை அது இல்லாத கரைசலில் வந்த நீட்சியால் வகுத்துச் சதவீதம் காணுங்கள்; சதவீதம் கூடினால் தாங்குதிறனும் கூடுதல்.

பெங்களூரில் இது கெட்டுப்போக முதல் காரணம் தண்ணீர். போர்வெல் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் பி.எச்.ஐ ஏற்றி அலுமினியத்தைப் படிய வைக்கும். எல்லா ரகமும் தாங்குவதுபோலத் தெரியும். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். உரக்கரைசல் சேர்த்தால் பாஸ்பேட்டும் இதையே செய்யும். அலுமினியம் இல்லாத ஒப்பீட்டுக் கரைசலும் அதே பி.எச் 4.5-இல் இருக்கட்டும், இல்லையேல் அமிலத்தின் தீங்கும் அலுமினியத்தின் தீங்கும் பிரியாது. ஹீமடாக்சிலின் சாயம் (0.2%, பொட்டாசியம் அயோடேட் 0.02%) நுனியில் ஊதாவாக ஏறினால் அலுமினியம் படிந்திருக்கிறது என்று பொருள். நெல்லில் இதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே வாங்கிப் பூட்டும் செடியும் நிறம் காட்டலாம்.

நிலத்தில் 0–15, 15–30, 30–45 செ.மீ. என மூன்று ஆழத்தில் தனித்தனி மாதிரி எடுத்து, பி.எச்.சுடன் பொட்டாசியம் குளோரைடில் பிரியும் அலுமினியத்தையும் கேளுங்கள். மேல் 15 செ.மீ. மண்ணுக்கு, கிலோவுக்கு 1 சென்டிமோல் அலுமினியம் இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட் என்பது நடைமுறைக் கணக்கு. சுண்ணாம்பின் தரம் குறைந்தால் அளவு கூடும். மேலே தூவிய சுண்ணாம்பு 30 செ.மீ. ஆழத்தை எட்ட ஆண்டுகள் ஆகும். ஜிப்சத்தின் கால்சியமும் சல்பேட்டும் மழையோடு கீழே இறங்கி நஞ்சைத் தணிக்கும். ஆனால் ஜிப்சம் பி.எச்.ஐ உயர்த்தாது, அதனால் சுண்ணாம்புக்குப் பதிலாக அதைப் போடக் கூடாது. மூன்றாவது ஆழத்திலும் அலுமினியம் மிகுந்திருந்தால், வேர்ச் சோதனையில் முதலிடம் வந்த ரகத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். மேல் அடுக்கில் மட்டும் இருந்தால் அந்தப் பணத்தைச் சுண்ணாம்புக்கே போடுங்கள்.