செயற்கைக்கோள் படம் வந்துவிடும், ஊர்ப் பெயர் வருமா?

நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால், சில நாட்களுக்குள் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படம் நிவாரணப் பணியாளர்கள் கைக்கு வந்துவிடுகிறது. உடைந்த பாலமும் மூழ்கிய வயலும் அதில் தெரியும். அது எந்த ஊர், எந்த ஊராட்சியில் இருக்கிறது, அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது தெரியாது. நிவாரண அமைப்புகளுக்கு வரைபடம் தயாரித்துத் தரும் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) வேலையில் எங்கள் நேரம் பெரும்பாலும் போவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

படம் தருவதில் நாடுகள் நன்றாகவே ஒத்துழைக்கின்றன. 1999இல் வியன்னாவில் நடந்த ஐ.நா. விண்வெளி மாநாட்டையொட்டி, ஐரோப்பிய விண்வெளி முகமையும் பிரான்ஸின் விண்வெளி முகமையும் பேரிடர்களுக்கான ஒரு பன்னாட்டு உடன்படிக்கையைத் தொடங்கின. இஸ்ரோ 2001இலேயே அதில் சேர்ந்துவிட்டது. அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு அழைப்பு விடுத்தால் போதும், உறுப்பு முகமைகள் தங்கள் செயற்கைக்கோள்களால் அந்த இடத்தைப் படமெடுத்து இலவசமாகத் தரும். 2004 சுனாமியின்போதும் இது கைகொடுத்தது. ஆனால் மெல்ல வரும் வறட்சிக்கும் போருக்கும் இந்த ஏற்பாடு கிடையாது. அங்கே உதவுபவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட தரவுகள். ஒரு காலத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 7 எடுத்த படம் ஒன்றுக்கு 600 டாலர். 2008இல் அமெரிக்கா லேண்ட்சாட் படங்களை இலவசமாக்கியது. ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் இலவசம்தான். அதில் சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்ப்பதால், மழை விடாத நாளிலும் வெள்ளத்தின் எல்லையை வரைய முடிகிறது.

சரி, படம் வந்தாயிற்று. அப்புறம்?

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களுக்கு மீட்புப் பணிக்கு ஏற்ற டிஜிட்டல் வரைபடம் இல்லை. நாட்டின் வரைபட அலுவலகக் கட்டடமே இடிந்துபோயிருந்தது. தனியார் செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களைத் திறந்துவிட, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் அவற்றைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தெருத் தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போயின. எங்கள் துறையையே மாற்றிய நிகழ்வு அது. ஆனாலும் பேரிடர் நடந்த பிறகு வரையும் வரைபடம், எவ்வளவு வேகமாக வரைந்தாலும், தாமதமான வரைபடம்தான்.

நேபாளம் இதற்கு மாறான கதை. 2012 வாக்கில் உலக வங்கியின் ஆதரவோடு காத்மாண்டு பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் வரைபடத்தில் ஏற்றும் வேலை தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் நேரில் போய், கட்டடம் எத்தனை மாடி, எதனால் கட்டியது என்பதுவரை பதிவு செய்தார்கள். அந்தக் குழுவிலிருந்து காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு உருவானது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது, வரைபடமும் இருந்தது, அதைத் தெரிந்த ஆட்களும் ஊரிலேயே இருந்தார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தபோது, எந்தப் பகுதியை முதலில் வரைய வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது. எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இதுதான்.

அங்கேயும் பெயர்ச் சிக்கல் விடவில்லை. காவ்ரேபலாஞ்சோக் என்றொரு மாவட்டம். ஒரு கோப்பில் 'காவ்ரே', இன்னொன்றில் 'கப்ரேபலாஞ்சோக்', மூன்றாவதில் 'காவ்ரேபலாஞ்சௌக்' என்று இருக்கும். மனிதருக்குப் புரியும், கணினிக்கு மூன்றும் வெவ்வேறு இடங்கள். ஒரு நிறுவனம் கூடாரம் கொடுத்த பட்டியலையும் மற்றொன்று அரிசி கொடுத்த பட்டியலையும் இணைத்தால் பாதி வரிசைகள் பொருந்தாது. உதவியே போகாத ஊர் எது, பெயர் பொருந்தாத ஊர் எது என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும் 'பி-கோட்' என்ற குறியீட்டைத் தந்து, எல்லைக் கோப்புகளோடு எச்டிஎக்ஸ் என்ற தன் தரவுப் பகிர்வுத் தளத்தில் பொதுவில் வைக்கிறது. குறியீடு இருந்தால் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலையில்லை. எல்லைகள் மாறும்போது மட்டும் எல்லாவற்றையும் மறுபடி பொருத்த வேண்டும். நேபாளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம வளர்ச்சிக் குழுக்கள் 2017இல் மறைந்து 753 உள்ளாட்சிகள் வந்தன. நிலநடுக்கத்தின்போது பழைய பெயரில் சேர்த்த தகவல்களைப் புதிய எல்லைக்குள் கொண்டுவருவது எளிதான வேலை இல்லை.

நம் பக்கத்துச் சிக்கல் இன்னும் சிறியது, ஆனால் தினமும் வருவது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உத்தரப் பிரதேசத்தின் குறியீடு 09. எக்செல்லில் சாதாரணமாகத் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 9 ஆகிவிடும். அப்புறம் அந்தப் பட்டியலை மற்றொன்றோடு இணைக்க முடியாது. ஓர் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களான ஆயத்தொலைவுகளிலும் இதே கதை. போர்ட்-ஓ-பிரின்ஸின் தீர்க்கரேகை மேற்கே இருப்பதால் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். அந்தக் குறி விட்டுப்போனால், ஹைட்டியின் மருத்துவமனை மகாராஷ்டிரத்தின் அலிபாக் கரைக்கு அப்பால் அரபிக்கடலில் போய் நிற்கும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. தரவு கேட்டால் அழகாக அச்சிட்ட வரைபடத்தின் பிடிஎஃப் வரும். பார்க்கலாம், அதில் ஒரு கணக்கும் போட முடியாது. அல்லது ஷேப்ஃபைல் என்ற, கணக்குப் போடக்கூடிய வரைபடக் கோப்பு வரும், அதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் எழுதியிருக்காது. உரிமம் தெரியாத தரவை மற்ற அமைப்புக்குத் தர எனக்கு அதிகாரமில்லை. யாரும் மறுக்கவில்லை, ஆனாலும் அது என் கணினியிலேயே தங்கிவிடும்.

திறந்து கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஊர் எல்லை, சாலை, பள்ளி, ஆறு எல்லாம் தாராளமாகத் தரலாம். மோதல் பகுதியில் தஞ்சமடைந்த குடும்பங்களின் இருப்பிடத்தையோ குறிப்பிட்ட நோயாளிகளின் வீட்டையோ புள்ளி வைத்துக் காட்டக் கூடாது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றை வீட்டின் மேல் விழும் புள்ளியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய தகவலை ஊராட்சி அளவில் கூட்டித் தந்தால் நிவாரணத் திட்டமிடலுக்குப் பெரும்பாலும் போதுமானது.

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவுக்கான விதிகளைப் பெரிதும் தளர்த்தியது. முன்அனுமதி தேவைப்பட்ட பல வேலைகளுக்கு இப்போது அது தேவையில்லை. பழைய தயக்கம் மட்டும் பல மேசைகளில் அப்படியே இருக்கிறது. நீங்கள் உள்ளாட்சியிலோ தொண்டு நிறுவனத்திலோ இருந்தால், கோப்போடு உரிமம், சேகரித்த தேதி, ஆயத்தொலைவு முறை, ஊர்க் குறியீடு ஆகியவற்றையும் எழுதி அனுப்புங்கள். மாணவராக இருந்தால், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் ஊரைத் திறந்து பாருங்கள். கட்டடங்களை வெளிநாட்டில் இருப்பவர்கூட வரைந்துவிடுவார். இது துணை சுகாதார நிலையம், மழை வந்தால் இந்தத் தரைப்பாலம் மூழ்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அதை ஏற்றிவிட்டால், டிசம்பரில் படகை எந்தப் பக்கம் அனுப்புவது என்று எங்களிடம் கேட்பவர்களுக்கு உடனே பதில் சொல்ல முடியும்.