ஆற்றல் நிலை அல்ல, ஆற்றல் மட்டம்

அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. டியூஷனில் கொடுத்த நோட்ஸை நீட்டி, "சித்தப்பா, இது நிலை ஆற்றல்தானே? திருப்பிப் போட்டுட்டாங்களா?" என்றாள். அவள் நினைத்தது பொட்டன்ஷியல் எனர்ஜியை. தாளில் இருந்தது 'எலக்ட்ரானின் ஆற்றல் நிலை'; எனர்ஜி லெவல் என்பதற்கு எழுதியது. இந்த மாதத்தில் இந்தச் சொல் என் கண்ணில் படுவது மூன்றாவது முறை.

அணுவுக்குள் எலக்ட்ரான் நினைத்த ஆற்றலோடு இருந்துவிட முடியாது. குறிப்பிட்ட சில அளவுகள்தான் அதற்கு வாய்க்கும். நீல்ஸ் போர் 1913இல் ஹைட்ரஜனுக்குக் கணக்குப் போட்டார்: முதலாவது −13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), அடுத்தது −3.4, அப்புறம் −1.51. மேலிருந்து கீழே இறங்கினால் வித்தியாசம் ஒளியாக வெளியேறும். இந்த அளவுகளுக்கு ஆங்கிலத்தில் லெவல் என்று பெயர். லத்தீனில் லிப்ரா என்றால் தராசு, லிபெல்லா என்றால் குட்டித் தராசு. கொத்து வேலைக்கான மட்டக் கருவிக்கும் அதே பெயர். நம் கொத்தனார் கையில் இருப்பது ரசமட்டம். மட்டு என்றால் அளவு. பூர்வீகம் இவ்வளவு போதும்.

மேட்டூர் அணை நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி என்கிறோம். நீர்நிலை 120 அடி என்று சேலத்தில் யாராவது சொல்வார்களா? நீர்நிலை என்றால் மூக்கனேரி, ஏற்காடு ஏரி. இந்த வித்தியாசம் மீன் பிடிக்கப் போகிறவருக்குத் தெரியும், நோட்ஸ் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பாடப்புத்தகக் கணக்கில் ஹைட்ரஜனின் இரண்டாவது மட்டத்தில், தற்சுழற்சியையும் (ஸ்பின்) சேர்த்தால், 8 நிலைகள்; அதாவது ஆற்றல் ஒன்றே, எலக்ட்ரான் இருக்கக்கூடிய விதங்கள் எட்டு. மட்டம் ஒன்று, நிலை எட்டு. 'ஒரே நிலையில் எட்டு நிலைகள்' என்று எழுதினால் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? அடி நிலை (ஆற்றல் மிகக் குறைந்தது), கிளர்வு நிலை (அதற்கு மேற்பட்டது) என்னுமிடங்களில் 'நிலை' சரிதான். அங்கே மூலச்சொல் ஸ்டேட்.

மட்டம் என்றதும் மட்டமான சரக்கு ஞாபகம் வருகிறது என்றார் ஆசிரியர் நண்பர். உயர்மட்டக் குழு என்று தினமும் பேப்பரில் வருகிறதே, அதைப் படித்து யாரும் சிரிப்பதில்லை. சக்தி மட்டம் பழைய வழக்கு; ஆற்றல் கையில் இருக்கும்போது அது எதற்கு? 'ஆற்றல் படி' அழகான சொல். நடுவில் நிற்க முடியாது என்பதையும் அதுவே சொல்லிவிடும். ஆனால் படிகள் ஒரே உயரம். இவையோ மேலே போகப் போக நெருங்கும். ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை உவமை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாவது வளைவுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் குரங்கு குறுக்கே வந்தால் பஸ் நின்றுவிடும். எலக்ட்ரானுக்கு அந்த வசதி கிடையாது.

கைபேசியில் ஆங்கிலத்தைப் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டுகிற வேலை இது. லெவல் என்று கண்ட இடமெல்லாம் நிலை. போன வாரம் என் ரத்தப் பரிசோதனைத் தாளில்கூட 'சர்க்கரை நிலை' என்றிருந்தது. திடமா, திரவமா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டினேன்.